பாலம் தாண்டாத சுமை

டிப்ஸ் கேட்டு வேலை போனவர்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். டிப்ஸ் வேண்டாம் என்று சொல்லி வேலை போன ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பேர் கன்னியப்பன். வயது அறுபத்தொன்று. என் நோட்டில் மட்டும் ஐம்பத்துநாலு. அந்த ஐம்பத்துநாலை எழுதியவன் நான்தான். அதனால் இந்தக் கதையில் யோக்கியன் வேஷம் போட எனக்கு வழியில்லை.

நான் ராமகிருஷ்ணன். செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்குத் தாத்தா காலத்திலிருந்து மளிகைக் கடை. கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் கோட்டைக்கு வருகிற கூட்டங்களுக்குக் காலையில் இட்லி, பொங்கல், மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம், தண்ணீர் கேன் எல்லாம் கொடுக்கிறேன். சென்னையில் ஒரு மலையேற்றக் கம்பெனி இருக்கிறது. இமயமலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களை முதலில் எங்கள் ராஜகிரிக்குக் கூட்டிவந்து கால் பழக்குவது அதன் தொழில். ஐப்பசியில் ஆரம்பித்துப் பங்குனி வரைக்கும் ஞாயிறு தவறாமல் முப்பது நாற்பது பேர் வருவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி மேனேஜர் விக்ரமன் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்புவான்: "34 பேர், 6 போர்ட்டர்." நான் ஆறு சுமைக்காரர்களின் பேரை எழுதி அனுப்புவேன். அதுதான் லிஸ்ட்.

ராஜகிரி ஏறுவது சாதாரண காரியம் இல்லை. படிக்கட்டு என்று பேர்தான். ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது பாதி உடைந்து கிடக்கும். வழியெல்லாம் குரங்கு. மேலே ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கக் கடை கிடையாது. சென்னைக்காரர்கள் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். அதற்குமேல் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும். அப்போதுதான் அவர்கள் பைகளும் கேமராக்களும் ஒவ்வொன்றாக நம் ஆட்கள் தோளுக்கு மாறும்.

கன்னியப்பன் வல்லம் பக்கத்துக் காலனிக்காரர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவருடைய நைனா அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக் கூலி வாங்கியவர். இவர் இருபது வயதில் கோட்டையைப் பழுதுபார்த்த கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். மணல், சுண்ணாம்பு, ஜல்லி எல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு நடை. எந்தப் படி ஆடும், எந்தப் பாறை காலையில் வழுக்கும் என்று அவர் காலுக்கே தெரியும். பழுது வேலை நின்ற பிறகு வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் பைகளைத் தூக்க ஆரம்பித்தார். கம்பெனி வந்ததும் என் லிஸ்டில் முதல் பேர் அவருடையது.

மகன் எழிலன் டிப்ளமோ படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். தங்கமான பையன். வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணி, "நைனா, போதும். வூட்ல சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்பான். கன்னியப்பனுக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை அந்த 'சும்மா'தான்.

"தம்பி, கால் ஆடற வரைக்கும் நான் எவன் கையையும் பாத்து நிக்கக் கூடாது. பெத்த புள்ள கையா இருந்தாலும் சரி. லிஸ்ட்ல எம் பேர் இருக்குதா, அது போதும்" என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். போனிலேயே கேட்கலாம், கேட்க மாட்டார். நான் நோட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். தன் பேரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு ரூபாய்க்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு கிளம்புவார். மனுஷன் ஏதோ கவர்மெண்ட் ஆர்டர் வாங்கின மாதிரி போவார்.

இந்தச் சுமைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால் புரியாது. ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் கீழே பெரிய வெடிப்பு ஒன்று, அதன்மேல் சின்னப் பாலம். அதைத் தாண்டினால்தான் உச்சிக் கோட்டை. பாலம் தாண்டாத சுமைக்குக் கூலி உண்டு, டிப்ஸ் கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் பாதி வழியில் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டான். இன்னொருத்தன் தூக்கிப் போனான். கீழே வந்து டிப்ஸுக்கு இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கமலக்கண்ணி அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். இப்போது அந்த ஆறு பேருக்குத் தலைவன் மாதிரி இருக்கும் பீமாராவ் அப்போது சின்னப் பையன், அவன்கூட அணைத்திருக்கிறான். கோட்டைக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. கம்பெனிக்கு நிச்சயமாகத் தெரியாது.

கம்பெனிக்கு வேறு சட்டம். இமயமலையில் கடைசி நாள் டிப்ஸ் கொடுக்க ஒரு சடங்கே இருக்கிறதாம். ஏறி இறங்கினவர்கள் வட்டமாக நின்று, வழிகாட்டியையும் சுமைக்காரர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கவரைக் கையில் கொடுத்துக் கைதட்டுவார்களாம். அங்கே போய் முழிக்கக் கூடாது என்று இங்கேயே அதையும் பழக்குகிறார்கள். எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, தனியாகக் கொடுக்கலாமா சேர்த்துக் கொடுக்கலாமா என்று விக்ரமன் பாடம் நடத்துவான். போர்ட்டர் வாய் திறந்து கேட்டால் லிஸ்டில் பேர் போய்விடும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஆனால் முப்பது பேருக்கு இட்லி விற்கிறவன் சிரிக்க முடியுமா?

போன வருஷம் மழையில் கன்னியப்பன் படியில் சறுக்கி விழுந்தார். வலது முட்டி. ஒரு மாதம் நாட்டுக் கட்டு போட்டார், வேப்பெண்ணெய் தடவினார், இன்னும் என்னென்னவோ பண்ணினார். ஐப்பசியில் லிஸ்ட் போடுகிற நேரத்துக்கு வந்து நின்றார். "சரியாயிடுச்சி தம்பி" என்றார். சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும். கடைப் படியிலிருந்து அவர் இறங்கின விதத்திலேயே தெரிந்தது. நான் அவர் பேரைத்தான் எழுதினேன். தண்ணீர் கேனை பீமாராவ் தலைக்கு மாற்றிவிட்டு, லேசான பையாகப் பார்த்து இவருக்குக் கொடுத்தேன். பீமாராவும் ஒன்றும் கேட்கவில்லை. இறங்குகிறபோது ஒரு படி முன்னால் நடந்து, இவர் தன் தோளைப் பிடித்துக்கொள்ள வசதி பண்ணிக்கொடுப்பான். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

தை மாதம் இரண்டாவது ஞாயிறு. முப்பத்துநாலு பேர் வந்தார்கள். அதில் காயத்ரி என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தொப்பி, கையில் இரண்டு ஊன்றுகோல், முகத்தில் நல்ல சிரிப்பு. இட்லி தட்டை வாங்கும்போதே "அண்ணா, நீங்க சாப்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள். இருபது வருஷத்தில் என்னை அப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. கெட்டவள் என்று நான் அவளைச் சொல்லவே மாட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் கன்னியப்பனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மலைமேல் நடந்ததை பீமாராவ் பிறகு சொன்னான். அம்மன் கோயில் தாண்டினதும் காயத்ரி தன் பையைக் கன்னியப்பனிடம் கொடுத்தாள். ஏழெட்டு கிலோ இருக்கும். இருபது படி ஏறியிருப்பார். அவள் பின்னாலேயே வந்தவள், அவர் கால் வைக்கிற விதத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, உங்களுக்கு முட்டி வலிக்குதா?"

"இல்லம்மா. அது பழக்கம்."

"பொய் சொல்லாதீங்க. எங்கப்பாவும் இப்படித்தான் நடப்பாரு. பையை என்கிட்ட குடுங்க."

"நீ நடம்மா. நான் எடுத்துனு வரேன்."

அவள் விடவில்லை. பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுத்துக் கழற்றிக்கொண்டாள். ஒரு பெண்பிள்ளையோடு பத்துப் பேருக்கு முன்னால் இழுபறி பண்ண முடியுமா? விட்டுவிட்டார். அதற்குமேல் அவள் பையோடு முன்னால் போக, இவர் வெறுந்தோளோடு பின்னால் போயிருக்கிறார். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு கையையும் நீட்டிக் கேட்டிருக்கிறார்.

"இங்க குடும்மா. பாலம் மட்டும் நான் தாண்டிக்கறேன். அப்பால நீயே வாங்கிக்கோ."

அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "நீங்க முதல்ல பத்திரமா தாண்டுங்க ஐயா" என்று அவர் கையைப் பிடித்து, பாலத்தின்மேல் கூட்டிப்போயிருக்கிறாள். நாற்பது வருஷமாக அந்த மலையைச் சுமந்த மனுஷனை! இதைச் சொல்லும்போது பீமாராவ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கல்யாண மகாலுக்கு எதிரே புல்வெளியில் டிப்ஸ் சடங்கு. நான் காலிப் பாத்திரங்களை வேனில் ஏற்றிவிட்டு வந்து ஓரமாக நின்றேன். விக்ரமன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். பீமாராவ் வாங்கினான், கைதட்டினார்கள். அடுத்த நாலு பேரும் வாங்கினார்கள், கைதட்டினார்கள். கடைசியில் கன்னியப்பன். கவரை நீட்டியவள் காயத்ரி. அவளே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வாணாம்மா."

"ஏன் ஐயா? உங்களுக்குத்தான்."

"சுமை நான் தூக்கலியே. கூலி மட்டும் போதும்."

கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய், "அண்ணே, வாங்கிக்கண்ணே. வாங்கி அப்பால யார்கிட்டயாவது வேணா குடுத்துடு. இப்ப வாங்கு" என்று காதோடு சொன்னேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கற்பூரம் அணைச்சிருக்கேன் தம்பி" என்றார்.

விக்ரமன் நெற்றியைச் சுருக்கினான். "சுமை தூக்கலையா? ஏன் தூக்கல?"

கன்னியப்பன் மலையை நிமிர்ந்து பார்த்தார். நானாவது ஏதாவது புளுகியிருக்கலாம். பை கனம், அந்தப் பெண்ணே பழக்கத்துக்குத் தூக்கினாள், அது இது என்று ஆயிரம் இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அதற்குள் காயத்ரி கண்ணில் தண்ணீரோடு எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஐயாவுக்கு முட்டி போய்விட்டது, ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார், நான்தான் பையை வாங்கிக்கொண்டேன், அதற்காக டிப்ஸே வேண்டாம் என்கிறார் பாருங்கள், இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை. முப்பத்துமூன்று பேரும் கைதட்டினார்கள். அன்றைக்கு அதுதான் பெரிய கைதட்டல். யாரோ வீடியோ எடுத்தார்கள்.

கவரை வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதை நான் இன்னும் ஆயிரம் தடவை சொல்வேன்.

ராத்திரி விக்ரமன் போன் பண்ணினான். "அண்ணா, அவருக்கு ஐம்பத்துநாலுன்னு எழுதியிருக்கீங்க. அவரப் பாத்தா அறுபதுக்கு மேல இருக்கும். முட்டி வேற போயிருக்கு. மேல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது? வந்தவங்களே நாலு பேரு மெசேஜ் போட்டுட்டாங்க, வயசானவர வச்சு வேலை வாங்காதீங்கன்னு."

"மெதுவாத்தான் ஏறுவாரு விக்ரமன். இத்தன வருஷத்துல ஒரு பாட்டில்கூட கீழ போட்டதில்ல."

"புரியுதுண்ணா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனிமே அவர் பேரு வேணாம்."

நான் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. "அவர் இல்லையென்றால் என் இட்லியும் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேன் தவணை, சமையல்காரர் சம்பளம், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. கோழை என்று என்னைச் சொன்னால் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் நோட்டைத் திருப்பிக் காட்டவில்லை; வாயால் சொன்னேன். கன்னியப்பன் கல்லாப்பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் தம்பி?"

"தப்பே பண்ணலண்ணே."

"அப்பறம்?"

நான் வெற்றிலைக் கட்டைப் பிரித்தேன். அன்றைக்கு வெற்றிலை வாங்காமல் போனார்.

மறுநாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மீனம்பாள் வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வா தம்பி. இந்த ஆளுக்கு நல்லா எடுத்துச் சொல்லு. குடுத்த துட்ட வாங்காம தர்மராஜா வேஷம் கட்டிச்சே, இப்ப ராத்திரி பூரா தூங்காம மோட்டுவளையப் பாத்துனு கெடக்குது. சொன்னா என் மேலயே எரிஞ்சு உழுது."

கன்னியப்பன் உள்ளேயிருந்து வந்தார். "தம்பி, அந்தப் பொண்ணு போன் நம்பர் இருக்குதா? அதுங்கிட்ட நானே பேசறேன். அது வாயால சொன்னதுதான? அதுவே வேலைக்கு வெச்சிக்கோன்னு சொன்னா வெச்சிப்பாங்க."

அது நியாயமாகப் பட்டது. விக்ரமனிடம் நம்பர் வாங்கி, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். காயத்ரிக்கு அவர் குரல் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம்.

"ஐயா, எப்படி இருக்கீங்க? உங்களப் பத்தி நான் எழுதினத எவ்வளவு பேர் படிச்சிருக்காங்க தெரியுமா?"

"அம்மா, எனக்கு கால் நல்லாத்தான் இருக்குது. நான் தூக்குவேன். நீ அந்த சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"ஐயா, இத்தன வருஷம் தூக்கினது போதும். இனிமே நீங்க எதையுமே தூக்கக் கூடாது. நாங்கள்லாம் இருக்கோம்."

"அது இல்லம்மா, வேல..."

"நான் பாத்துக்கறேன் ஐயா. கவலையே படாதீங்க."

கன்னியப்பன் போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மீனம்பாள் முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

காயத்ரி சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே புல்வெளியில் பாராட்டு விழா. கம்பெனி பேனர் கட்டினார்கள். நூறு பேர் இருக்கும். கன்னியப்பனையும் மீனம்பாளையும் நாற்காலியில் உட்கார வைத்து சால்வை போட்டார்கள். ஒரு தடித்த கவர். கன்னியப்பன் அதைத் தொடவில்லை. மீனம்பாள் எழுந்து வாங்கிக்கொண்டாள். அவள் எந்தக் கற்பூரத்தையும் அணைக்கவில்லையே. எனக்கு அவள்மேல் மரியாதைதான் வந்தது.

விக்ரமன் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னான். கன்னியப்பன் மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் வாணாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஒரு பை குடுங்க. சின்னப் பையா இருந்தாலும் சரி. லிஸ்ட்ல எம் பேர எழுதச் சொல்லுங்க. நான் தூக்கிடுவேன்."

நான் நினைத்தேன், அவ்வளவுதான், புரிந்துவிட்டது என்று. அப்புறம் ஒருத்தர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். இந்த வயதிலும் உழைக்கத் துடிக்கிறார் பாருங்கள் என்று விக்ரமன் மைக்கை வாங்கிச் சொன்னான். காயத்ரி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் எத்தனையோ பேர் இருக்க, என்னைத்தான் பார்த்தார். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாக, என் கை தட்டிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கவரில் இருந்தது மூன்று வாரத்தில் கரைந்தது. திண்டிவனத்தில் ஸ்கேன், ஊசி, மாத்திரை, முட்டிக்கு ஒரு பட்டை. எலும்பு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் பண்ணினால் மலை ஏறலாமா என்று கன்னியப்பன் கேட்டிருக்கிறார். மலையை மறந்துவிடுங்கள் என்றாராம் டாக்டர். எழிலன் வந்து நைனாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப் பார்த்தான். இவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் கொஞ்சம் காசை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அழாத குறையாகப் போனான்.

பங்குனியில் கன்னியப்பன் தானாகவே கோட்டைக்கு வர ஆரம்பித்தார். கம்பெனி இல்லாவிட்டால் என்ன, குடும்பம் குடும்பமாக எத்தனையோ பேர் வருகிறார்கள், யாராவது பை கொடுக்க மாட்டார்களா என்று கணக்கு. டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில், தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்.

ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன வீடியோவைப் பார்க்காதவன் தமிழ்நாட்டில் இல்லை போலிருக்கிறது. காரை விட்டு இறங்கும்போதே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

"ஏங்க, டிப்ஸ் வேணாம்னு சொன்ன தாத்தாதான நீங்க?"

"பை தூக்கட்டுமா சார்? மேல வரைக்கும் வரேன்."

"ஐயையோ, நீங்க தூக்கவே கூடாது. ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறோம்."

போட்டோ எடுப்பார்கள். குழந்தைகளை அவர் பக்கத்தில் நிறுத்துவார்கள். பிறகு அவர் சட்டைப் பையில் ஐம்பதோ நூறோ திணித்துவிட்டு, தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். முதல் வாரம் அந்த ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடப் பார்த்தார். அந்த முட்டியோடு எங்கே ஓடுவது? அவர்கள் திரும்பிப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னப் பெண்குழந்தை, போட்டோவுக்காகத் தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தது. போட்டோ முடிந்ததும் கன்னியப்பன் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பத்தடி போயிருப்பார். அந்தப் பெண்ணின் அம்மா பின்னாலேயே ஓடி, "ஐயா, பாட்டில்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் என்ன பண்ணுவாள், குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாமா? பாட்டிலைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சுமக்காத காசை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பீமாராவிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். சேர்ந்த நோட்டையெல்லாம் மடித்துக் கொடுப்பார். அவன் அடுத்த நடை மேலே போகும்போது அம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடுவான். மீனம்பாள் அதைக் கேள்விப்பட்டு, "மூட்டு மாத்திரைக்கு வழியில்ல, அம்மனுக்கு நோட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கன்னியப்பன் கேட்கவில்லை. இப்படி ஒன்றரை மாதம் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சித்திரை வெயில். கம்பெனிக் கூட்டம் இந்த சீசனுக்கு முடிந்துவிட்டது. வேறொரு காலேஜ் கூட்டத்துக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். பீமாராவ் தண்ணீர் கேனைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல வேப்ப மரத்தடியில் நின்று கையை நீட்டினான்.

"குடுண்ணே, போயிட்டு வரேன்."

கன்னியப்பன் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை புடைத்துக்கொண்டு இருந்தது. மூன்று பேருக்குமே அது தெரிந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கி இல்ல பீமா."

பீமாராவ் கேனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் சாம்பார் வாளியை மூடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"மாத்திர தீந்துபோச்சி" என்றார் கன்னியப்பன். "அம்மன்கிட்ட சொல்லிடு. நாளைக்கும் இருக்காது."

பீமாராவ் படியேறினான். ஒரு டம்ளர் காப்பி ஊற்றிக்கொண்டு அவரிடம் போனேன். அதற்குள் டிக்கெட் கவுண்டர் முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறந்து, யாரோ ஒரு பெண் மரத்தடியைக் காட்டி வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் போனை எடுத்தார். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்பே கன்னியப்பன் கல்லிலிருந்து கையூன்றி எழுந்து, முகத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டார்.